வந்துகொண்டிருக்கிறார்

“வாரேன்.”

“ம்.”

“என்ன, ம்?”

“ஒண்ணுமில்ல. தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டீங்களா?”

“எடுத்தாச்சு. வேற ஏதும் சொல்லணுமா?”

“இல்ல. போயிட்டு வாங்க.”

செண்பகவல்லிக்கும் அவள் கணவன் உலகநாதனுக்கும் வாசற்படியில் நடந்த பேச்சு இது. அவன் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் விற்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். ஊர் ஊராகப் போவான். அவள் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்துக் கல்லூரி மாணவர்களின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து கொடுக்கிறவள். அந்தப் பேச்சை அவள் மனதுக்குள் அடிக்கடி திறந்து பார்ப்பாள். பிழை எதுவும் தட்டுப்படாது. அப்படியே மூடி வைத்துவிடுவாள்.

அவன் போன பிறகு வீட்டில் ஓர் அலுவலகம் வந்துவிட்டது. இப்போது அடுப்படிக்குப் போக வேண்டுமென்றால் அவள் வரிசையில் நிற்க வேண்டும்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அவள்தான் நிறுவினாள்.

முன்பு கம்ப்யூட்டரில் இருந்த மென்பொருள், காசு கட்டினால்தான் இனிமேல் எழுத விடுவேன் என்று ஒரு நாள் காலையில் சொல்லிவிட்டது. பாதி ஆய்வேடு உள்ளே மாட்டிக்கொண்டது. தாமிரபரணிக் கால்வாய்களில் தண்ணீர் எப்படிக் காணாமல் போகிறது என்பதைப் பற்றி ஒரு மாணவி எழுதிய ஆய்வேடு. பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பத்தக்காதான் வழி சொன்னாள்.

“காசு குடுத்து ஏம்ட்டி சீரழியுத? இலவசமாவே ஒரு ஆபீஸ் இருக்காம்லா. டவுன்லோடு பண்ணுனா போதுமாம்.”

“வைரஸ் ஏதும் வந்துராதாக்கா?”

“ஆபீஸ் எறக்குனா ஆபீஸ்தானட்டி வரும்.”

அக்கா சொன்னது சரி. ஆபீஸ்தான் வந்தது.

மொழி எது என்று கேட்டது. தமிழ் என்றாள். ‘அலுவலகத்தை எங்கே நிறுவ வேண்டும்?’ என்று கேட்டது. கீழே கூடம், அடுப்படி, படுக்கையறை, மொட்டைமாடி என்று போட்டு, எல்லாவற்றுக்கும் அதுவே டிக் அடித்து வைத்திருந்தது. செண்பகவல்லி ‘அடுத்து’ என்பதை அமுக்கினாள். ஊர் உலகத்தில் எல்லோரும் அதைத்தான் அமுக்குகிறார்கள்.

பிறகு உரிமம் வந்தது. ‘இது கட்டற்ற அலுவலகம். இங்கே யாரும் யாரையும் கட்டி வைக்கக் கூடாது’ என்று எழுதியிருந்தது. நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது. ‘ஏற்கிறேன்’ என்று கொடுத்தாள்.

சுவர்கள் மரியாதையாக நகர்ந்து வழிவிட்டன. கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு தாழ்வாரம் முளைத்தது. டியூப்லைட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. ஒன்று மட்டும் விட்டு விட்டு எரிந்தது. நீளமான மர பெஞ்சு வந்தது. அதில் ஏற்கெனவே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அலுவலகத்தை இறக்கினால் காத்திருப்பவர்களும் கூடவே இறங்குவார்கள் போலிருக்கிறது.

அவள் சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார். மேசைமேல் வேலாயுதம் என்று பெயர்ப்பலகை. அதன் பக்கத்தில் அவளுடைய ஊறுகாய் ஜாடி.

“அண்ணாச்சி, அடுப்படி வரைக்கும் போகணும்.”

“இருங்க.”

“பால் அடுப்புல இருக்கு.”

“அதையும் இருக்கச் சொல்லுங்க.”

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். இருங்க என்ற சொல்லுக்கு அந்த அலுவலகத்தில் ஒரே ஒரு பொருள்தான். காத்துக்கிடக்க வேண்டும் என்று பொருள். அதை அங்கே எல்லோரும் எல்லோரிடமும் சொன்னார்கள். கடைநிலை ஊழியர் வந்தவர்களிடம் சொன்னார். வந்தவர்கள் போனில் வீட்டாரிடம் சொன்னார்கள். மின்விசிறி கூடச் சுற்றும்போது அதையே சொல்வதுபோல் இருந்தது. நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு அந்தச் சொல் தேய்ந்து, பழைய நாணயம் மாதிரி வழவழவென்று ஆகிவிட்டிருந்தது.

பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் கைலாசம் என்று ஒருவர் இருந்தார். இடுப்பு வரைக்கும்தான் இருந்தார்.

“உங்களுக்கு என்ன விஷயம்?” என்று அவள் விசாரித்தாள். கேட்காமல் இருந்தால் நன்றாயிராது.

“டிரான்ஸ்பர்தாம்மா. தென்காசியிலருந்து வெட்டி, அம்பாசமுத்திரத்துல ஒட்டணும்னு கேட்டேன். வெட்டிட்டாவ. ஒட்டுற சீட்ல ஆள் லீவு.”

“மிச்சம்?”

“தென்காசியில வேலைக்குப் போய்க்கிட்டுத்தான் இருக்கு. சம்பளம் கரெக்டா வருது. அதுல ஒரு கொறையும் இல்ல.”

செண்பகவல்லி தலையாட்டினாள். பெஞ்சு நீளமாக இருந்ததால் தலையாட்டல் கடைசி ஆள் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

அவளுடைய கம்ப்யூட்டர் அப்படியே மூலையில் இருந்தது. விசைப்பலகையின் மேல்வரிசையில் உதவிக்கு ஒரு விசை உண்டு. அவள் எழுந்துபோய் அதை அமுக்கினாள். சுவர் கதவுபோல் திறந்து, தங்கபுஷ்பத்தக்கா கையில் வெண்டைக்காயோடு வந்து நின்றாள்.

“எதுக்குட்டி அமுக்குன? குழம்பு கொதிக்கி.”

“அக்கா, இதெல்லாம் எப்படிச் சரிபண்ணன்னு தெரியல.”

அக்கா நிமிர்ந்து நின்றாள். அவள் முகத்திலிருந்து முகபாவம் போய்விட்டது. “நீங்கள் தேடிய தலைப்பு கிடைக்கவில்லை. இந்தப் பக்கம் உங்களுக்குப் பயனுள்ளதாக இருந்ததா?” என்று கேட்டாள்.

“இல்லக்கா.”

“உங்கள் கருத்துக்கு நன்றி,” என்றாள் அக்கா. வெண்டைக்காயில் ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். சுவர் மூடிக்கொண்டது.

அலுவலகம் வந்து கொஞ்ச நேரத்திலேயே அதற்குப் புதிய பதிப்பும் வந்துவிட்டது. இப்படி உடனுக்குடன் வருவது நல்ல அலுவலகத்துக்கு அடையாளம் என்று கைலாசம் சொன்னார். பதிப்பு ஏற ஏற, சுவரின் கீழ்ப்பாதியில் பச்சை வர்ணம் தானாகப் பூசிக்கொண்டே போனது. அரசாங்கக் கட்டடங்களில் இடுப்பளவுக்கு அடிப்பார்களே, அந்தப் பச்சை. அடுப்படிப் பக்கம் தொடங்கி, தாழ்வாரம் முழுக்க ஊர்ந்து, படுக்கையறையைச் சுற்றிக்கொண்டு வாசல்வரை வந்தது. வாசற்படிக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றுவிட்டது.

வேலாயுதம் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“தொண்ணூத்தொம்பது பர்சென்ட்ல நிக்கு. இந்த வீட்டுக்காரம்மா யாரு?”

“நான்தான் அண்ணாச்சி.”

“வீட்ல எத்தன பேரு?”

“ரெண்டு பேரு.”

“ஒராள்தான இருக்கீங்க. இன்னொரு ஆளு?”

“வீட்டுக்காரங்க. வெளிய போயிருக்காங்க.”

“போகும்போது என்ன சொன்னாரு?”

“வாரேன்னு சொன்னாங்க.”

“அப்ப வந்துகிட்டு இருக்காரு,” என்று சொல்லிவிட்டு அவர் கண்ணாடியை மறுபடி ஏற்றிக்கொண்டார்.

“இல்ல அண்ணாச்சி. போனாங்க.”

“போறேன்னு சொன்னாரா?”

“ஐயோ, வாசல்ல நின்னுகிட்டு அப்படிச் சொல்லக் கூடாதுல்லா.”

“சொல்லலைல்லா? அப்ப போகல. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லருந்து இந்தச் சீட்ல இருக்கேன். நம்ம சனங்கள்ல ஒருத்தரும் போனது கிடையாதும்மா. அம்புட்டுப் பேரும் வந்துகிட்டுத்தான் இருக்காவ.” ஊறுகாய் ஜாடியைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். “வேணும்னா பாத்துக்கிடுங்க.”

அவர் தாழ்வாரத்தின் மறுமுனையைக் காட்டினார். அது அவளுடைய வாசல் பக்கம்தான். ஆனால் வாசலைத் தாண்டியும் தாழ்வாரம் போய்க்கொண்டே இருந்தது. தெரு, முக்குக் கடை, பஸ் நிறுத்தம் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் டைல்ஸ் போட்டிருந்தது. வெகு தூரத்தில் சுண்டுவிரல் அளவுக்கு ஓர் ஆள் தெரிந்தான். தோளில் பை. பையில் மோட்டார் படம் போட்ட கேட்டலாக்குகள் துருத்திக்கொண்டிருந்தன. முகம் இந்தப் பக்கம் பார்த்திருந்தது. நல்ல வேகத்தில்தான் நடந்துகொண்டிருந்தான்.

அவன் ஓர் அடி வைத்தால் தாழ்வாரமும் ஒரு டைல்ஸ் வளர்ந்தது.

“ஏன் வந்து சேர மாட்டேங்காங்க?”

“சேருறது வேற செக்‌ஷன்,” என்றார் வேலாயுதம். “வாரதுதான் நம்மகிட்ட.”

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். நடை அவனுடையதுதான். இடது தோள் கொஞ்சம் சாய்ந்திருக்கும். கல்யாணமான புதிதில் அந்தச் சாய்வைப் பார்த்து, பையைக் கழற்றி வைத்த பிறகும் ஏன் சாய்ந்தே நிற்கிறீர்கள் என்று கேட்டுச் சிரித்திருக்கிறாள். அப்போது அவன் வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருந்தான். பிறகு ஞாயிறு மட்டும் இருந்தான். பிறகு ஞாயிற்றுக்கிழமையிலும் விவசாயிகள் கிணறு தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

“அஞ்சு மணிக்குப் பதிப்பு மாறிரும்,” என்றார் வேலாயுதம். “மாறும்போது யாரு எந்த நெலமையில இருக்காவளோ அதுவே நிரந்தரம். உங்க வீட்டுக்காரரு நிரந்தரமா வந்துகிட்டே இருப்பாரு.”

“அப்ப வீட்ல இருக்கவே மாட்டாங்களா?”

“வந்துகிட்டு இருக்கவரு எப்படிம்மா இருக்க முடியும்?” அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. “ஆனா நல்ல நெலம. பலபேரு இதுக்காகச் சிபாரிசோட வாராவ.”

“எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. நான் என்ன செய்யணும்?”

“கோரிக்கை வைக்கணும்.”

“எழுதித் தாரேன். நல்லா டைப் அடிப்பேன். பிழை இருக்காது.”

“இங்க கோரிக்கைக்குக் காயிதம் கிடையாதும்மா. வாயால சொல்லணும். சொன்னதுதான் பதிவு.”

கோரிக்கை அவளிடம் இல்லாமல் இல்லை. கல்யாணமான முதல் வாரத்திலிருந்தே இருக்கிறது. இன்றைக்குப் போக வேண்டாம், வீட்டில் இருங்கள். அவ்வளவுதான். முதல் திங்கட்கிழமை அவன் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கியபோது சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் முதுகைக் காட்டிவிட்டான். வெளியே கிளம்புகிறவரைப் புறத்தாலிருந்து கூப்பிடக் கூடாது என்று அவள் அம்மா சொல்லி வளர்த்திருந்தாள். எனவே அதை விழுங்கப் பார்த்தாள். இறங்கவில்லை. நாக்குக்கு அடியில் புளியங்கொட்டை மாதிரி தங்கிவிட்டது. ஒருமுறை பல் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “இது பல்லு இல்லம்மா, எங்க டிபார்ட்மெண்ட் கிடையாது,” என்று அனுப்பிவிட்டார். அதோடு சாப்பிடவும் பேசவும் பழகிக்கொண்டாள். சிரிக்கும்போது மட்டும் லேசாக இடிக்கும்.

“சொல்லுங்க,” என்றார் வேலாயுதம். “என்ன கோரிக்கை?”

பெஞ்சில் இருந்த எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவ்வளவு பேருக்கு நடுவே புருஷனைப் பற்றி என்ன சொல்வது? அவளுக்குக் காது சூடானது.

“அடுப்படிக்குப் போகணும்,” என்றாள்.

“சரி,” என்றார். அடுப்படி தாழ்வாரத்தை இழுத்துக்கொண்டு அவளிடம் வந்துவிட்டது. பால் பொங்காமல் விளிம்பில் காத்துக்கொண்டு நின்றது. “வேற?”

“காப்பித்தூள் தீரப்போவுது.”

மேலே இருந்து காப்பித்தூள் பொட்டலம் ஒன்று மேசைமேல் விழுந்தது. அவள் வழக்கமாக வாங்கும் கடையிலிருந்துதான். சிக்கரி கொஞ்சம் தூக்கல். “வேற?”

“அந்தக் கால்வாய் ஆய்வேட்டை அச்சடிக்கணும்.”

அச்சடித்து வந்தது. புதிய பதிப்பு பழைய எழுத்துருவை வாசிக்காது போலிருக்கிறது. எழுத்து இருந்த இடத்திலெல்லாம் வெறும் கட்டம் கட்டமாக இருந்தது. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. கால்வாய்த் தண்ணீர் எங்கே போகிறது என்பது இதிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அதை நிரூபிக்க அந்த மாணவிக்கு எழுத்து வேண்டும்.

“முடிஞ்சுதா?”

“இன்னொண்ணு இருக்கு அண்ணாச்சி.”

“சொல்லுங்க.”

புளியங்கொட்டையை அவள் நாக்கால் ஒருமுறை புரட்டினாள்.

“கேஸ் புக் பண்ணணும்.”

பெஞ்சில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். கைலாசம் மெதுவாக, “ஏம்மா, என்னைய மாதிரி ஆயிராதீங்க,” என்றார். “நானும் வெட்டணும்னு நல்லா வெளக்கமா கேட்டேன். ஒட்டணும்னு சொல்லுறப்போ கொரல் இறங்கிருச்சு. அதான் அன்னைக்கு ஒட்டாம விட்டுட்டாவ. இப்ப ஆளும் லீவு.”

என்ன செய்வதென்று தெரியாத நேரங்களில் அவள் காப்பி போடுவாள். இப்போதும் அதைத்தான் செய்தாள். டிகாஷன் இறங்குவதற்கு வேலாயுதம் அனுமதி கொடுத்தார். பாலை ஊற்றி ஒருமுறை ஆற்றினாள். வாசனை தாழ்வாரத்தில் இறங்கிப் போனது. பச்சை வர்ணத்தை ஒட்டியே போனது. வெகு தூரத்தில் சுண்டுவிரல் அளவு ஆள் மூக்கை நிமிர்த்தினான்.

காப்பி வாசனையைத் தாழ்வாரம் எதிர்பார்க்கவில்லை. வளர மறந்து நின்றுவிட்டது. அந்த மறதியில் உலகநாதன் வந்து சேர்ந்தான்.

செருப்பு விடும் இடத்தில் ஷூவோடு நின்றான். பையைக் கழற்றவில்லை. தோள் சாய்ந்திருந்தது.

“ஆபீஸ் போட்டிருக்கியா?”

“ஆமா. இலவசம்.”

“பரவாயில்ல. காத்தோட்டமா இருக்கு.” டம்ளரை வாங்கிக்கொண்டான். “நம்ம கட்டில் எங்க?”

“அது இப்ப ஸ்டோர் ரூம்ல இருக்கு.”

“ம்.” ஒரு வாய் குடித்தான். “மெலிஞ்சுட்ட.”

“தாழ்வாரம் நீளமா இருக்குல்லா. அதனால அப்படித் தெரியுது.”

“சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன். நீங்க?”

“வழியில.” அவன் சுவரில் பச்சை வர்ணம் நின்றுபோன இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். ஈரமாக இருந்தது. விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டான். “கயத்தாறுல ஒருத்தருக்கு மோட்டார் பாக்கணும். தண்ணி வரலையாம்.”

“தண்ணிதான் இங்க இருக்கே,” என்று அவள் ஆய்வேட்டைக் காட்டினாள்.

அவன் ஒரு பக்கத்தைத் திருப்பினான். கட்டங்களில் தண்ணீர் சலசலத்தது. சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. நாக்குக்கு அடியில் இடித்தது. நிறுத்திக்கொண்டாள்.

டம்ளரைத் திருப்பிக் கொடுத்தான். கொடுக்கும்போது விரல் ஒரு கணம் கூடுதலாக டம்ளரிலேயே இருந்தது. பிறகு எடுத்துக்கொண்டான்.

“வேற ஏதும் சொல்லணுமா?”

இதை அவன் எப்போதும் கேட்பான். எப்போதும் போல அவளும் இல்லை என்று தலையாட்டினாள். தலை பழக்கத்துக்கு ஆடிவிட்டது. அதன்மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

உலகநாதன் வாசலைப் பார்த்துத் திரும்பினான். படியில் ஒரு காலைத் தூக்கி வைத்துக் குனிந்து ஷூ லேஸைக் கட்டினான். கட்டியதை அவிழ்த்தான். மறுபடி கட்டினான். புறப்படும்போதெல்லாம் அவன் இப்படித்தான் செய்வான். லேஸ் சரியில்லை என்று அவள் புது லேஸ் வாங்கி வைத்தாள். அதையும் இப்படித்தான் கட்டி அவிழ்த்துக் கட்டினான். ஒரு மனிதனுக்கு முடிச்சு சரியாக விழுவதற்கு ஏன் இத்தனை நேரம் என்று அவள் கேட்டுக்கொண்டதே இல்லை. இப்போது, முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, கேட்டுக்கொண்டாள்.

வேலாயுதம் எழுந்து நின்றுவிட்டார். அலுவலகத்தில் யாரும் எழுந்து நிற்பதில்லை. அது அவளுக்குப் பயமாக இருந்தது.

“லேஸ் கட்டி முடிச்சாருன்னா வாரேன்னு சொல்லுவாரு,” என்றார். “சொல்லிட்டாருன்னா மொதல்லருந்து வர ஆரம்பிக்கணும். அஞ்சு மணி ஆவப்போவுது. என்ன கோரிக்கைன்னு கடைசியாக் கேக்கேன்மா.”

பச்சை வர்ணம் ஒரு விரற்கடை நகர்ந்தது. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

சுவர் திறந்தது. யாரும் அமுக்காமலே தங்கபுஷ்பத்தக்கா வந்திருந்தாள். “உங்கள் கேள்விக்கு விடை கிடைத்ததா?” என்று கேட்டாள். பிறகு முகபாவம் திரும்பி வந்து, “கேட்டுத் தொலையேம்ட்டி,” என்றாள்.

“புறத்தாலருந்து கூப்பிடக் கூடாதுக்கா.”

“பெறத்தாலருந்து கூப்பிடாத. அம்புட்டுத்தான?”

அது உண்மைதான். அவள் அம்மா புறத்தாலிருந்து கூப்பிடக் கூடாது என்றுதான் சொன்னாள். முன்னால் போய் நிற்கக் கூடாது என்று சொன்னதாக ஞாபகமில்லை.

செண்பகவல்லி டம்ளரை வெண்டைக்காய்க்குப் பக்கத்தில் வைத்தாள். தாழ்வாரத்தில் நடந்தாள். அது வளரப் பார்த்தது. அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அவள் வீட்டு டைல்ஸ் அது. எது ஆடும், எது ஆடாது என்று அவளுக்குத் தெரியும். குனிந்திருந்த உலகநாதனைச் சுற்றிக்கொண்டு, படியிறங்கி, வெளியே போய் நின்று திரும்பினாள்.

இப்போது அவன் வாசலுக்கு உள்ளே இருந்தான். அவள் வெளியே இருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படி நின்றதில்லை. இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது வீடு நன்றாகத்தான் இருந்தது. டியூப்லைட் வெளிச்சத்தில் பெஞ்சு முழுக்க ஆட்கள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

“அம்மா, நீங்க வெளிய கிளம்புறீங்களா?” வேலாயுதம் உள்ளேயிருந்து சத்தம் போட்டார். “என்ன சொல்லிட்டுப் போறீங்க? வாரேன்னா, வாரேன்னு பதிஞ்சுருவேன்!”

அவள் வாயைத் திறக்கவில்லை. அவசரப்பட்டால் அந்தச் சொல்தான் முதலில் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

உலகநாதன் முடிச்சைப் போட்டு முடித்தான். நிமிர்ந்தான். எதிரே அவள் முகம் இருந்ததைப் பார்த்துத் திகைத்தான். புறப்படும் நேரத்தில் அவன் அதை இதுவரை பார்த்ததில்லை.

“நீ எங்க இங்க?”

அவள் நாக்குக்கு அடியிலிருந்து புளியங்கொட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். இத்தனை நாளில் அது வழவழவென்று ஆகியிருந்தது. வாய் திடீரென்று பெரிய அறை மாதிரி காலியாக இருந்தது.

“செண்பா, நேரமாச்சு,” என்றான் அவன். பழக்கத்தில் உதடு குவிந்தது. “வா—”

“இருங்க,” என்றாள்.

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்தார்கள். கடைநிலை ஊழியர் கொட்டாவி விட்டார். வேலாயுதம் தலையை அசைத்தார். “அது இங்க காத்துக்கிடக்கச் சொல்லுறதும்மா,” என்றார். “அத வச்சு ஒண்ணும் பதிய முடியாது.”

பச்சை வர்ணம் வாசற்படியின் விளிம்பைத் தொட்டது.

செண்பகவல்லி படியில் ஏறி நின்றாள். அவன் தோளிலிருந்து பையைக் கழற்றினாள். கேட்டலாக்குகள் கனமாக இருந்தன. அப்போதும் அவன் தோள் சாய்ந்தே இருந்தது. பெஞ்சில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவள் பார்க்கவில்லை.

“காத்துக்கிடக்கச் சொல்லல,” என்றாள், கடைசி ஆளுக்கும் கேட்கும்படி. “போகாதீங்கன்னு சொல்லுதேன். வாரேன்னும் சொல்ல வேண்டாம். இன்னைக்கு நீங்க எங்கயும் போக வேண்டாம். இங்கன, என்கூட, இருங்க.”